மருந்து எடுப்பவர்கள்

ஆய்விதழுக்குத் திருத்தி வந்த கட்டுரையை மதிப்பாய்வு செய்வது சுலபமான வேலை என்று யாராவது உங்களிடம் சொன்னால் நம்பாதீர்கள். சொல்பவர் சோம்பேறியாக இருப்பார், அல்லது இதுவரை மாட்டிக்கொள்ளாதவராக இருப்பார். நானும் பல வருடம் மாட்டிக்கொள்ளாதவளாகத்தான் இருந்தேன்.

முதல் முறை வரும் கட்டுரையை எல்லோரும் கவனமாகத்தான் படிக்கிறார்கள். குற்றம் கண்டுபிடிக்கும் ஆசை படிக்க வைக்கும். அதே கட்டுரை திருத்தப்பட்டு இரண்டாம் முறை வரும்போது அந்த ஆசை தீர்ந்துபோயிருக்கும். கூடவே ஒரு பதில் கடிதம் வரும். நாம் சொன்ன ஒவ்வொன்றுக்கும் கீழே நன்றி, மாற்றிவிட்டோம், மிக்க நன்றி. நமக்கும் வயிறு குளிர்ந்துவிடும். 'ஏற்கலாம்' என்பதை அழுத்திவிட்டு எழுந்து போய்விடுவோம். அந்த இடத்தில்தான் ஆள் சாகிறான். மிகைப்படுத்துகிறேன் என்று நினைப்பவர்கள் இதற்கு மேல் படிக்க வேண்டாம். வேறு வேலை இருந்தால் பாருங்கள்.

நான் தொழிலாளர் உடல்நலத் துறையில் வேலை பார்த்தவள். பல்கலைக்கழகத்தில் பாடம் எடுத்தேன், ஆய்வு செய்தேன், ஓய்வு பெற்றேன். பிறந்தது கேமரன் மலையில் ஒரு தேயிலைத் தோட்டத்து லைன் வீட்டில். இப்போது கம்போங் ராஜாவில் ஒரு சாப்பாட்டுக் கடைக்கு மேல்மாடியில் குடியிருக்கிறேன். ஓய்வு பெற்ற பிறகும் இதழ்கள் கட்டுரை அனுப்புவதை நிறுத்தவில்லை. இதில் வரும் ஆட்களின் பெயரை மாற்றியிருக்கிறேன். இதழின் பெயரைக் கேட்காதீர்கள், சொல்ல மாட்டேன்.

வேலைக்குச் சேர்ந்த புதிதில் என் துறையில் மூத்த பேராசிரியை ஒருவர் இருந்தார். ஓர் ஆய்விதழுக்கு ஆசிரியராகவும் இருந்தார். அவர் கொடுத்த திருத்திய கட்டுரை ஒன்றைப் பார்த்துவிட்டு, எல்லாம் சரி செய்துவிட்டார்கள் என்று எழுதிக் கொடுத்தேன். மறுநாள் அறைக்குக் கூப்பிட்டார். உட்காரச் சொல்லவில்லை.

"ஏழாவது கருத்துக்கு என்ன செஞ்சிருக்காங்க?"

"புது அட்டவணை சேர்த்திருக்காங்க, மேடம்."

"எந்தப் பக்கம்?"

தேடினேன். முன்னும் பின்னும் புரட்டினேன். அட்டவணை இல்லை. சேர்த்துவிட்டோம் என்று கடிதத்தில் இருந்தது. கட்டுரையில் இல்லவே இல்லை.

"நீ கடிதத்தைத்தான் ரிவ்யூ பண்ணியிருக்க. கட்டுரையை யாரு பண்ணுவா? உங்கப்பாவா?"

என் அப்பா அப்போது தேயிலைத் தொழிற்சாலையில் இலை வாட்டும் மாடியில் வேலை செய்துகொண்டிருந்தார். அவரை இழுத்துப் பேசியது எனக்குச் சுருக்கென்றது. ஆனால் அந்த அம்மா சொன்னது சரி. அன்றிலிருந்து பதில் கடிதத்தைக் கடைசியில்தான் திறப்பேன். பழைய பிரதி இடது பக்கம், புதிய பிரதி வலது பக்கம். எது சேர்ந்திருக்கிறது, எது போயிருக்கிறது என்று நானே பார்த்த பிறகுதான் அவர்கள் என்ன சொல்கிறார்கள் என்று பார்ப்பேன்.

அது பாதிப் பாடம். செய்ததாகச் சொல்லி ஏமாற்றுகிறவர்களைப் பிடிக்க அது போதும். நாம் சொன்னதை அப்படியே, நேர்மையாக, ஒரு வரி விடாமல் செய்துவிட்டு வருகிறவர்களிடம் என்ன செய்வது? அதை அந்த அம்மா சொல்லித் தரவில்லை. நானாகப் பட்டுத் தெரிந்துகொண்டேன்.

ஓய்வு பெற்ற பிறகு வந்த கட்டுரை அது. மலைத் தோட்டங்களில் பூச்சிமருந்தும் புல்மருந்தும் அடிப்பவர்களுக்குக் கை நடுக்கம், தலைசுற்றல் வருகிறதா என்று கேட்டிருந்தார்கள். மருந்து அடிப்பவர்களையும் அடிக்காதவர்களையும் ஒப்பிட்டிருந்தார்கள். எந்தத் தோட்டம் என்று எழுதவில்லை. மலை என்றுதான் இருந்தது. நல்ல கட்டுரை. அடிப்பவர்களிடம் நடுக்கம் அதிகம் என்று முடிவு வந்திருந்தது.

முதல் சுற்றில் பல கருத்துகள் எழுதினேன். நான்காவது கருத்து இது: நீரிழிவுக்கும் ரத்த அழுத்தத்துக்கும் மருந்து சாப்பிடுகிறவர்களுக்கு அந்த மருந்தாலேயே தலை சுற்றலாம், கை நடுங்கலாம். ஆகவே வழக்கமாக மருந்து எடுப்பவர்களைக் கணக்கிலிருந்து நீக்கிவிட்டு மறுபடி பாருங்கள். அதில் ஒரு தவறும் இல்லை என்று எந்தப் பாடப்புத்தகமும் சொல்லும். எனக்கு அந்தக் கருத்தில் பெருமையும் இருந்தது. அதே கட்டுரையைப் படித்த இன்னொரு மதிப்பாய்வாளர் அதைக் கவனிக்கவில்லை, நான் கவனித்தேன் என்ற பெருமை.

திருத்திய கட்டுரை வந்தது. ஒரு வாரத்தில் முடித்துக் கொடுங்கள் என்று இதழாசிரியர் எழுதியிருந்தார். நான்கு நாளில் நினைவூட்டலும் வந்தது. நான் வழக்கப்படி இரண்டு பிரதியையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தேன். முதல் பக்கத்துச் சுருக்கத்திலேயே நின்றுவிட்டேன்.

முடிவு தலைகீழாகியிருந்தது. அடிப்பவர்களுக்கும் அடிக்காதவர்களுக்கும் வித்தியாசம் இல்லை. இப்போதைய பாதுகாப்பு போதுமானது. அடிப்பவர்களுக்கு ஆறு மாதத்துக்கு ஒரு முறை ரத்தம் எடுத்துப் பரிசோதிப்பது அவசியம் இல்லை, அதை விட்டுவிடலாம்.

கடிதத்தைத் திறந்தேன். நான்காவது கருத்துக்குக் கீழே, "இந்த ஆழமான ஆலோசனைக்கு நன்றிக்கடன் பட்டிருக்கிறோம். வழக்கமாக மருந்து எடுப்பவர்களை நீக்கியதும் முந்தைய முடிவு மறைந்துவிட்டது. எங்களைப் பெரிய பிழையிலிருந்து காப்பாற்றினீர்கள்" என்று இருந்தது.

உண்மையைச் சொல்கிறேன், முதலில் சந்தோஷப்பட்டேன். என் கருத்து ஒரு கட்டுரையையே திருப்பிப் போட்டுவிட்டது. 'ஏற்கலாம்' என்பதை அழுத்தப் போனேன். விரல் அந்த இடத்துக்குப் போய்விட்டது. பிறகு பயம் வந்தது. எதற்குப் பயந்தேன் என்று அப்போது சொல்லத் தெரிந்திருக்காது. ரத்தப் பரிசோதனையை விட்டுவிடலாம் என்ற வரிக்கே திரும்பத் திரும்பப் போனேன். என் தம்பி அந்தோணி தோட்டத்தில் மருந்து அடிக்கிறவன்.

நீக்கப்பட்டவர்கள் யார் என்று தேடினேன். கட்டுரையில் இல்லை. பின்னிணைப்பில், யாரும் திறக்காத கோப்பில், ஒரு சின்ன அட்டவணை இருந்தது. கேள்வித்தாள் மூன்று மொழியில் போயிருக்கிறது. மலாய், வங்காளம், தமிழ். மலாய்த் தாளில் நீக்கப்பட்டவர்கள் விரல்விட்டு எண்ணும் அளவு. வங்காளத் தாளிலும் அப்படித்தான். மருந்து அடிக்கிறவர்களில் பெரும்பாலோர் தமிழ்த் தாள் நிரப்பியவர்கள், அவர்களில் கிட்டத்தட்ட எல்லோரும் போயிருந்தார்கள்.

இந்த இடத்தில் நீங்கள் என்ன செய்வீர்கள் என்று எனக்குத் தெரியும், ஏனென்றால் நானும் அதையே செய்தேன். காரணம் ஒன்றைக் கண்டுபிடித்தேன். தமிழ் ஆட்கள் வயதானவர்கள், பழைய ஆட்கள். வங்காளதேசத்திலிருந்து வந்தவர்கள் இளவட்டம். நம் ஆட்களுக்குச் சர்க்கரை, பிரஷர் எல்லாம் உண்டு. மருந்து எடுப்பார்கள்தான். பொருத்தமான காரணம். பொருத்தமான காரணம் கிடைத்ததும் மூளை படுத்துத் தூங்கிவிடும். அதைத் தட்டி எழுப்புவதற்குத்தான் நமக்கு மதிப்பாய்வாளர் என்று பேர்.

எழுப்பினேன். தமிழ்க் கேள்வித்தாளை எடுத்துப் படித்தேன். "நீங்கள் தற்போது மருந்து எடுக்கிறீர்களா?" என்று கேட்டிருந்தார்கள். ஆம், இல்லை. நான்கு முறை படித்தேன். நல்ல தமிழ். ஒரு குறையும் தெரியவில்லை. அதுதான் என் லட்சணம். லைன் வீட்டில் பிறந்து, பல்கலைக்கழகத்தில் போய்க் காதைத் தொலைத்துவிட்டு வந்திருக்கிறேன்.

மறுநாள் ஞாயிறு. ஆலயம் முடிந்து அந்தோணி வீட்டுக்குப் போனேன். கட்டுரையைப் பற்றி யாரிடமும் பேசக் கூடாது, அது விதி. விதியை மீறும் எண்ணம் எனக்கு இல்லை. அவனைப் பார்க்க வேண்டும்போல் இருந்தது, அவ்வளவுதான்.

அவன் மனைவி ரோசி தேநீர் கொண்டுவந்து வைத்தாள். அந்தோணி கோப்பையை இரண்டு கையாலும் பிடித்துத் தூக்கினான். முன்பு அப்படித் தூக்குகிறவன் இல்லை.

"குளுருதா?" என்று கேட்டேன்.

"குளுரு எல்லாம் இல்ல லா. கை கொஞ்சம் ஆடுது. வயசாகுதுல்ல."

"உனக்கு என்ன பெரிய வயசு? என்னை விட எட்டு வயசு சின்னவன்."

"நீ ஃபேன் காத்துல உக்காந்து வேலை பார்த்தவ. ஊசி போடாத டாக்டர். உனக்கு எப்படி வயசாகும்?"

ரோசி சிரித்தாள். நான் சிரிக்கவில்லை. கேட்க வந்ததும் அல்ல, திட்டமிட்டதும் அல்ல, வாயில் வந்துவிட்டது.

"ஏன்டா, நீ ஏதாவது மருந்து எடுக்கிறியா?"

"எடுக்கிறேனே. டெய்லி."

"டெய்லியா? எனக்கு ஒரு வார்த்தை சொல்லல? என்ன மருந்து?"

"புல்லு மருந்துதான். ரெண்டு வாரமா அதுதான் ஓடுது. காலைல ஸ்டோருக்குப் போயி கணக்கு எழுதுற கிராணிகிட்ட சைன் போட்டு எடுப்போம். எதுக்குக் கேக்குற?"

ரோசி அடுப்பங்கரையிலிருந்து எட்டிப் பார்த்தாள். "அக்கா கேக்குறது மாத்திரையை. இந்த மனுசன் மாத்திரைன்னா ஓடிப்போவாரு. தலைவலிக்கு ஒண்ணு குடுத்தாக்கூட ஜன்னல் வழியா வீசிருவாரு. கோழிதான் தின்னுது."

"கோழி நல்லாத்தானே இருக்கு?" என்றான் அந்தோணி.

கோப்பையைக் கீழே வைத்தேன். தோட்டத்தில் அடிக்கும் மருந்தை மலாய்க்காரர் ராச்சுன் என்கிறார். விஷம். பெயரிலேயே இருக்கிறது. நாம்தான் விஷத்துக்கும் மருந்து என்கிறோம், வியாதிக்குக் கொடுப்பதையும் மருந்து என்கிறோம். ஸ்டோரிலிருந்து மருந்து எடுக்கிறோம், அதை மருந்து அடிக்கிறோம். மருந்து அடிக்கிறவனிடம் போய் மருந்து எடுக்கிறீர்களா என்று கேட்டால் ஆமாம் என்றுதான் சொல்வான். டெய்லி என்பான். அப்படிச் சொன்ன ஒவ்வொருவரையும் நோயாளி என்று குறித்து வெளியே தள்ளியிருக்கிறார்கள். யாரைப் பற்றி ஆய்வோ, அவர்களையே. யார் சொல்லி? நான் சொல்லி.

அந்தோணி பேசிக்கொண்டே இருந்தான். "போன வருசம்கூட ஒரு பொண்ணு வந்து இதே மாதிரி..."

"போதும். சொல்லாதே."

"என்னக்கா?"

"எனக்கு எதுவும் சொல்லாதே. டீயைக் குடி."

அவன் ரோசியைப் பார்த்தான். ரோசி என்னைப் பார்த்தாள். கத்தியிருக்கிறேன் போலிருக்கிறது. அந்த ஆய்வு அவன் தோட்டத்தில்தான் நடந்தது என்று எனக்குத் தெரிந்துவிட்டால் அந்தக் கட்டுரையை நான் தொடக் கூடாது. தெரியாமல் இருக்க வேண்டும் என்று காதைப் பொத்திக்கொண்டேன். பாதி கேட்ட பிறகு காதைப் பொத்தி என்ன பிரயோஜனம்?

திரும்பும் வழியில் கோலா தெர்லா தாண்டி ஓரமாகக் காரை நிறுத்திவிட்டேன். முட்டைக்கோஸ் ஏற்றிய லோரிகள் இறங்கிக்கொண்டிருந்தன. ஒவ்வொன்றும் கடக்கும்போது கார் ஆடியது. என்ன செய்வது என்று அங்கே உட்கார்ந்து யோசித்தேன். எனக்கு இருந்த வழிகளை அப்படியே சொல்கிறேன். உங்களுக்கும் ஒரு நாள் இப்படி வரும்.

தம்பி விஷயத்தை இதழாசிரியரிடம் சொன்னால் என்னை மதிப்பாய்விலிருந்து எடுத்துவிடுவார். எடுக்கத்தான் வேண்டும். அடுத்து வருபவருக்குத் தமிழ் தெரியுமா? தெரியாது. கணக்கு சரியாக இருக்கிறது, கடிதம் மரியாதையாக இருக்கிறது, ஏற்கலாம் என்று போட்டுவிடுவார். நான் போட இருந்தேனே.

தம்பி விஷயத்தைச் சொல்லாமல் மருந்து விஷயத்தை மட்டும் எழுதினால்? என் பேச்சு எடுபடும். கட்டுரை நிற்கும். பிறகு ஒரு நாள் யாராவது கண்டுபிடிப்பார்கள். அவள் தம்பி அங்கே வேலை செய்கிறான், அதனால்தான் கட்டுரையை மறித்தாள் என்பார்கள். அன்றைக்கு நான் எழுதிய உண்மையும் என்னோடு சேர்ந்து குப்பைக்குப் போகும். அந்த முடிவு, வித்தியாசம் இல்லை என்ற முடிவு, முன்பைவிடப் பலமாக எழுந்து நிற்கும்.

ஒன்றும் எழுதாமல் நேரமில்லை என்று ஒதுங்கிவிடலாம். அந்த யோசனையும் வந்தது. மறைக்கவில்லை.

வீட்டுக்கு வந்து எழுதினேன். மதிப்பாய்வு அறிக்கையாக எழுதவில்லை, இதழாசிரியருக்குத் தனிக் கடிதமாக எழுதினேன். முதல் வரியிலேயே தம்பியைப் போட்டேன். என் தம்பி இப்படிப்பட்ட தோட்டத்தில் மருந்து அடிக்கிறவன், இந்த ஆய்வில் இருந்திருக்கக்கூடும், உறுதியாகத் தெரியாது, இருந்திருக்கலாம் என்ற சந்தேகம் இன்றைக்குத்தான் வந்தது. ஆகவே இந்தக் கட்டுரையை ஏற்கலாமா வேண்டாமா என்று நான் சொல்லப் போவதில்லை. அடுத்த பத்தியில், நான்காவது கருத்து என்னுடையது, அது தவறான இடத்துக்குக் கொண்டுபோயிருக்கிறது என்று எழுதினேன். அதன் பிறகு அந்தச் சொல்லை விளக்கினேன்.

விளக்கியதோடு விட்டிருந்தால் வீணாகப் போயிருக்கும். என்னை நம்பச் சொல்லக் கூடாது. நான் இல்லாமலேயே சரிபார்க்க முடிய வேண்டும். அதனால் மூன்றே விஷயம் கேட்டேன். மலேசியத் தோட்டத்துத் தமிழ் பேசுகிற, எனக்குத் தெரியாத ஒருவரிடம் அந்தக் கேள்வியைக் கொடுத்து, மருந்து அடிக்கிறவன் இதை எப்படிப் புரிந்துகொள்வான் என்று கேளுங்கள். நீக்கியவர்களை மொழிவாரியாகவும் வேலைவாரியாகவும் பிரித்துக் கட்டுரைக்குள்ளேயே போடச் சொல்லுங்கள். நீக்கியவர்கள் எந்த வியாதிக்கு என்ன மாத்திரை சாப்பிட்டார்கள் என்று எழுதியிருக்கிறார்களா, பாருங்கள். எழுதியிருக்க மாட்டார்கள். கேட்டிருக்கவே மாட்டார்கள்.

அனுப்பினேன். இரண்டு நாளில் பதில் வந்தது. வெளிப்படையாகச் சொன்னதற்கு நன்றி, உறவு காரணமாக உங்களை இந்த மதிப்பாய்விலிருந்து விடுவிக்கிறோம், இதன் முடிவு உங்களுக்குத் தெரிவிக்கப்படாது. மருந்து என்ற சொல்லைப் பற்றி ஒரு எழுத்து இல்லை. படித்தாரா இல்லையா என்றுகூடத் தெரியவில்லை. மேசையைக் குத்தினேன். கை வலித்ததுதான் மிச்சம். அவர் செய்ததில் தப்பு இல்லை என்பது ஆத்திரத்தை இன்னும் கூட்டியது.

அதற்குப் பிறகு வந்த மாதங்களை நான் யாருக்கும் சிபாரிசு செய்ய மாட்டேன். தினமும் அந்த இதழின் பக்கத்தைத் திறப்பேன். கட்டுரை வந்துவிட்டதா? வரவில்லை. மூடுவேன். வராதது நல்லதா கெட்டதா? மழைக்காலம். ஒரு நாள் காலை பத்து மணிக்கு ரோசி கூப்பிட்டாள்.

"அக்கா, இவரு இன்னிக்கு மலையில அப்படியே உக்காந்துட்டாராம். கூட இருந்த பையனுங்க முதுகுல மாட்டியிருந்த மருந்து பம்பைக் கழட்டிட்டு இறக்கிக் கொண்டாந்தானுங்க."

"கிளினிக் கூட்டிட்டுப் போனியா?"

"வரமாட்டேங்குறாரு. வெறும் பசி மயக்கமாம். நான் காலைல ஆறு தோசை போட்டேன், அதைத் தின்னுட்டுத்தான் போனாரு. ஆறு தோசையில என்ன பசி மயக்கம்?"

"போனை அவன்கிட்ட குடு."

"அக்கா," என்றான் அவன். நாக்கு கொஞ்சம் தடித்திருந்தது. "சும்மா பயப்படாத லா. அடுத்த மாசம் ரத்தம் எடுக்க வருவாங்கல்ல. ஏதாவது இருந்தா அதுல தெரிஞ்சிரும்."

அந்த ரத்தப் பரிசோதனையை விட்டுவிடலாம் என்று எழுதிய கட்டுரை எங்கேயோ ஒரு மேசையில் கிடக்கிறது. அதில் எனக்கு நன்றி சொல்லியிருக்கிறார்கள். அடுத்த மாதம் வரை காத்திருக்கக் கூடாது, இன்றைக்கே போ என்று கத்தினேன். போகவில்லை. பிடிவாதத்தில் அவன் எங்கள் வீட்டு ஆள்.

அடுத்த மாதம் ரத்தம் எடுத்தார்கள். அந்த முறை எடுத்தார்கள். முடிவைப் பார்த்த டாக்டர் அவனை மருந்துப் பக்கமே போகக் கூடாது என்று எழுதிக் கொடுத்தார். ரோசி போனில் அழுதாள். நான் படிக்கட்டில் உட்கார்ந்துவிட்டேன்.

அவனைப் பார்க்கப் போனபோது வீட்டு வாசலில் ஸ்டூல் போட்டு உட்கார்ந்திருந்தான்.

"நாத்து மேடையில போட்டுட்டானுங்க," என்றான். "பொம்பளைங்க கூட உக்காந்து பையில மண்ணு நிரப்புறேன். நேத்து ஒருத்தி என்னை 'அந்தோணியம்மா'ன்னு கூப்பிடுறா."

"உயிரோட இருக்கியே, அது போதும்."

"அது சரி. உன்கிட்ட ஒண்ணு சொல்லணும். அன்னிக்கு சொல்ல வந்தேன், நீ கத்துன. இப்ப கத்தாத. போன வருசம் வந்த பொண்ணு, அதே பொண்ணு, முந்தாநாள் திரும்ப வந்துச்சு. கையில தட்டு மாதிரி ஒரு கம்ப்யூட்டர். அன்னிக்குக் கேட்டதையே மறுபடி கேட்டுச்சு. ஆனா இந்தத் தடவை வேற மாதிரி. 'டாக்டர் குடுத்த மாத்திரை ஏதாவது சாப்பிடுறீங்களா?' அது தனி. 'தோட்டத்துல என்ன மருந்து அடிக்கிறீங்க?' அது தனி."

"நீ என்ன சொன்னே?"

"மாத்திரை இல்லேன்னேன். கை ஆடுதுன்னேன். மலையில உக்காந்ததையும் சொன்னேன். எல்லாம் எழுதிக்கிச்சு."

"எழுதினாளா? பார்த்தியா?"

"பக்கத்துலதானே உக்காந்திருந்தேன். நான் சொல்லச் சொல்லத் தட்டுச்சு." அவன் காறித் துப்பினான். "ஏம்மா திரும்ப வந்திருக்கீங்கன்னு கேட்டேன். அதுக்கு என்ன சொல்லுது தெரியுமா? போன தடவை மருந்து அடிக்கிறவங்க பேரை எல்லாம் எடுத்துட்டாங்களாம். எல்லாரும் வியாதிக்காரங்கன்னு. யாரோ ஒரு பெரிய ஆளு எழுதிக் குடுத்தாராம், இவங்களைச் சேக்காதீங்கன்னு. நாங்க வேலையை விட்டுட்டு நின்னு பதில் சொன்னோம். எவனோ ஒருத்தன் உக்காந்த எடத்துல இருந்து ஒரு கோடு கிழிச்சிட்டான்."

ரோசி உள்ளேயிருந்து, "அவன் கை வெளங்குமா?" என்றாள்.

கட்டுரை நின்றுவிட்டது. இதழாசிரியர் படித்திருக்கிறார். யாரோ ஒருவர் அந்தக் கேள்வியைக் கேட்டுப் பார்த்திருக்கிறார். எனக்கு நிம்மதி வந்திருக்க வேண்டும். வரவில்லை. இந்த ஒன்றில் தமிழ்ச் சொல், எனக்குத் தெரிந்த சொல், என் தம்பி வாயில் வந்த சொல். நான் வேலையில் இருந்த அத்தனை வருடமும் எத்தனை கட்டுரைக்கு 'இவர்களை நீக்குங்கள்' என்று எழுதியிருப்பேன்? நேப்பாளி மொழியில் ஒரு சொல், இந்தோனேசிய மொழியில் ஒரு சொல், எனக்குத் தெரியாத எத்தனை சொல்? அவர்கள் சொன்னபடி செய்து நன்றி சொல்லியிருப்பார்கள். நான் ஏற்கலாம் என்று அழுத்தியிருப்பேன்.

உங்களுக்கு இதைத்தான் சொல்ல வந்தேன். திருத்திய கட்டுரை வந்தால் நீங்கள் சொன்னதைச் செய்தார்களா என்று பாருங்கள். செய்திருந்தால் அப்போதுதான் வேலை ஆரம்பம். நீங்கள் சொன்னதால் யார் வெளியே போனார்கள் என்று பாருங்கள். அவர்களைக் கண்டுபிடிக்கும் வரை எதையும் அழுத்தாதீர்கள். உங்கள் கருத்துக்கு நன்றி சொன்னால் பயப்படுங்கள்.

அந்தோணியிடம் நான் சொல்லவில்லை. இன்றுவரை சொல்லவில்லை. மதிப்பாய்வு ரகசியம், விதி தடுக்கிறது என்று எனக்கு நானே சொல்லிக்கொள்கிறேன். பொய். விதியையெல்லாம் இதோ பாதி மீறி உங்களுக்கு எழுதிவிட்டேனே. அவனுக்குச் சொல்லப் பயம், அதுதான் விஷயம்.

அன்றைக்கு ஒன்று மட்டும் கேட்டேன்.

"அவன் யாருன்னு தெரிஞ்சா என்னடா பண்ணுவ?"

"அடிக்கவா முடியும்? பெரிய ஆளு," என்றான் அந்தோணி. "ஒரு நாளைக்கு என் பம்பைத் தூக்கிக்கிட்டு மேல வரச் சொல்லுவேன். வந்து நடந்து பாத்துட்டு, அப்புறம் கோடு கிழிக்கட்டும்."

பிறகு திரும்பி என்னைப் பார்த்தான்.

"உனக்கு ஏன்க்கா மூஞ்சி இப்படிப் போச்சு?"